படகுத்துறை ஜாக்கெட் போதுமா, சொந்தமாக வாங்க வேண்டுமா?

கோடை விடுமுறை நெருங்கினால் எனக்கு வரும் கேள்விகளில் பாதி லைஃப் ஜாக்கெட் பற்றியதாகத்தான் இருக்கும். இந்த முறை மூன்று பேர் கிட்டத்தட்ட ஒரே வாரத்தில் கேட்டார்கள்.

மதுரையிலிருந்து ஒரு அம்மா: "ஆலப்புழையில் ஹவுஸ்போட் புக் பண்ணியிருக்கோம். பாப்பாவுக்கு நாலு வயசு, மாமனாருக்கு அறுபத்தெட்டு. படகிலேயே ஜாக்கெட் இருக்கும்னு சொல்றாங்க. தனியா வாங்கணுமாங்க?" சென்னையில் வார இறுதிகளில் கயாக் துடுப்பு போடத் தொடங்கியிருக்கும் ஒரு தம்பி: "தானா காத்து அடைச்சுக்குற ஜாக்கெட் மெல்லிசா இருக்கேக்கா, அதையே வாங்கிடவா?" டொரன்டோவில் இருக்கும் தோழி ஒருத்தி: "இவர் மீன்பிடிக்க ஒரு சின்னப் படகு வாங்கிட்டார். ஜாக்கெட் எதுன்னு முடிவு பண்றதுக்குள்ள சண்டையே வந்திடுச்சு."

உப்பங்கழியில் பதினோரு வருடமாகத் துடுப்பு போடுகிறேன், மற்றவர்களுக்கும் சொல்லித் தருகிறேன். அந்தப் பழக்கத்தில் தெரிந்ததை வைத்து, நான்கு வகை ஜாக்கெட்டுகளை ஒப்பிட்டு மூவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

## போடுவதா, பக்கத்தில் வைத்துக்கொள்வதா?

"நீச்சல் தெரியும், ஜாக்கெட் காலடியில் கிடக்கட்டும், தேவைப்பட்டால் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம்" என்பதை ஒரு தேர்வாகவே நான் இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

போன கோடையில் என் அக்கா மகன் இதையேதான் சொன்னான். கல்லூரி நீச்சல் அணியில் இருப்பவன். கால் எட்டாத ஆழத்தில் அவனை மிதக்கவிட்டு, கரையிலிருந்து ஒரு ஜாக்கெட்டை எறிந்தேன். ஒரு கையை நுழைத்தான். உடனே அந்தப் பக்கம் மேலே எழும்பி அவன் வாயை அடைத்தது. மற்றக் கையை நுழைப்பதற்குள் காலை உதைத்து உதைத்து மூச்சு வாங்கிவிட்டது. பக்கிளைத் தடவித் தேடும்போது இரண்டு முறை தலை உள்ளே போய் வந்தது. கடைசியில் போட்டுவிட்டான். ஆனால் அது அலையில்லாத நீச்சல்குளம். நல்ல வெளிச்சம். மேலே யாரும் வந்து விழவில்லை, கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒரு குழந்தை தொங்கவில்லை. ஏறி வந்தவன், "சித்தி, இத நான் படகு கவிழ்றப்ப செய்ய முடியாது" என்றான்.

அமெரிக்கக் கடலோரக் காவல்படை ஆண்டுதோறும் பொழுதுபோக்குப் படகு விபத்துகளைத் தனியாகக் கணக்கெடுத்து வெளியிடுகிறது. 2023இல் அங்கே 564 பேர் இறந்தார்கள், 2,126 பேர் காயம்பட்டார்கள். இறப்பின் காரணம் தெரிந்தவர்களில் 75 விழுக்காடு பேர் மூழ்கி இறந்தவர்கள். அப்படி மூழ்கியவர்களில் 87 விழுக்காடு பேர் ஜாக்கெட் அணிந்திருக்கவில்லை. நீச்சல் தெரிந்தவர்களும் சொந்தப் படகு வைத்திருந்தவர்களும் அதில் உண்டு.

நம் பக்கத்துக் கணக்கு நமக்கே தெரியும். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் இரண்டடுக்குப் படகு சாய்ந்து 45 பேர். 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் 22 பேர். 2023 மே மாதம் மலப்புறம் மாவட்டம் தானூரில் 22 பேர், அதில் பாதிக்கு மேல் குழந்தைகள். 2024 ஜனவரியில் வடோதராவின் ஹர்ணி ஏரிக்குச் சுற்றுலா போன பள்ளிக் குழந்தைகள் 12 பேரும் ஆசிரியைகள் இருவரும். அந்தப் படகில் சில குழந்தைகளுக்கு மட்டுமே ஜாக்கெட் போட்டிருந்தார்கள். அதிக ஆள் ஏற்றியது, ஒரு பக்கமாக எல்லோரும் நகர்ந்தது, மீன்பிடிப் படகைச் சுற்றுலாப் படகாக மாற்றிக் கட்டியது என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. அவை எதுவும் பயணியின் கையில் இல்லை. ஜாக்கெட் ஒன்றுதான் அவர் கையில் இருக்கிறது.

## எதை வைத்து எடை போடுவது

நிறத்தையும் விலையையும் விட்டுவிட்டு, ஐந்து கேள்வி கேட்டால் போதும்.

முதலாவது, எவ்வளவு தூக்கும்? சர்வதேசத் தரத்தில் ஜாக்கெட்டுகளை 50, 100, 150, 275 நியூட்டன் என்று பிரிக்கிறார்கள். பத்து நியூட்டன் என்றால் ஏறத்தாழ ஒரு கிலோவைத் தூக்கும் விசை. "எழுபது கிலோ ஆளை ஐந்து கிலோ விசை எப்படித் தூக்கும்?" என்று கேட்பார்கள். உடம்பின் பெரும்பகுதியைத் தண்ணீரே தாங்கிக்கொள்கிறது. தலையையும் கழுத்தையும் வெளியே வைக்க, சாதாரண ஆளுக்கு நாலைந்து கிலோ விசை கிடைத்தால் போதும்.

இரண்டாவது, மயங்கினாலும் முகத்தை மேலே திருப்புமா? படகு கவிழும்போது கம்பியில் தலை இடிபடலாம். வயதானவருக்கு நெஞ்சுவலி வரலாம். அப்போது மிதப்பது மட்டும் போதாது. குப்புற மிதந்தாலும் சாவுதான். கழுத்துக்குப் பின்னால் காலரும், முதுகைவிட மார்பில் அதிக நுரையும் (ஃபோம்) இருந்தால்தான் ஆளைப் புரட்டிப் போடும்.

மூன்றாவது, நாம் எதுவும் செய்யாமலே வேலை செய்யுமா? நான்காவது, உடம்புக்குப் பொருந்துமா? ஐந்தாவதைப் பலர் கேட்பதே இல்லை: பயணம் முழுக்கப் போட்டுக்கொண்டு இருப்பீர்களா? நம் ஊர் வெக்கையில், வேர்வையில், புகைப்படம் எடுக்கும் ஆசையில், கால் மணி நேரத்தில் கழற்றி மடியில் வைத்துவிடும் ஜாக்கெட் எத்தனை நியூட்டன் என்பதில் ஒரு பயனும் இல்லை.

விலைச்சீட்டில் தெரியாத மறைசெலவுகளை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

## 1. படகுத்துறையில் தரும் ஆரஞ்சு ஜாக்கெட்

கன்னியாகுமரியில் பாறைக்குப் போகும் படகிலும் ஒகேனக்கல் பரிசலிலும் போயிருப்பவர்களுக்கு இது பழகிய ஜாக்கெட். தலை வழியாக மாட்டி, இடுப்பில் பட்டையைச் சுற்றிக் கட்டுவது, அல்லது சட்டை போல மாட்டி முன்னால் இரண்டு மூன்று பக்கிள் போடுவது.

இதன் நல்ல பக்கம் பெரியது. செலவில்லை, சுமக்க வேண்டாம், உள்ளே இருப்பது நுரை என்பதால் தண்ணீரில் விழுந்ததும் தானாக வேலை செய்யும். அரை மணி நேரம் ஏரியில் சுற்றிவரும் பெரியவர்களுக்கு, நல்ல நிலையில் இருக்கும் படகுத்துறை ஜாக்கெட் தாராளமாகப் போதும். "சொந்தமாக வாங்கினால்தான் பாதுகாப்பு" என்று பயமுறுத்த எனக்கு விருப்பமில்லை.

ஆனால் "நல்ல நிலையில்" என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். ஒரு மலையூர் ஏரியில் என் கையில் தந்த ஜாக்கெட்டை அழுத்தினேன். உள்ளே தெர்மோகோல் பொடிந்து அவல் மாதிரி நகர்ந்தது. தோள்பட்டைத் துணி வெயிலில் வெளுத்து, நகத்தால் கீறினாலே நூல் பிரிந்தது. பக்கிள் உடைந்த இடத்தில் பட்டையை முடிச்சுப் போட்டிருந்தார்கள். குவியலில் கிளறி நாலாவதாக எடுத்ததுதான் தேறியது. வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். ஆனால் அவர்களில் இரண்டு பேர் தங்களுடையதையும் அழுத்திப் பார்த்து மாற்றிக்கொண்டார்கள்.

பார்க்க ஒரு நிமிடம் போதும். கையில் தூக்குங்கள், ஈரம் ஊறிக் கனமாக இருந்தால் வேண்டாம். நுரையை அழுத்திவிட்டு விடுங்கள். அப்பளம் மாதிரி தட்டையாகவே நின்றால், எத்தனையோ பேர் அதன்மேல் உட்கார்ந்து நசுக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். பக்கிளைப் பூட்டி இரண்டு பக்கமும் இழுங்கள். பிறகு போட்டு, பட்டைகளை இறுக்கிக்கொண்டு, கூட வந்தவரிடம் தோள்பட்டை இரண்டையும் மேலே இழுக்கச் சொல்லுங்கள். ஜாக்கெட் எழும்பி வாயையோ காதையோ தொட்டால் தண்ணீரிலும் அதுதான் நடக்கும். இன்னும் இறுக்குங்கள், அல்லது மாற்றுங்கள்.

நம் பெண்களுக்கு இரண்டு வார்த்தை. புடவை என்றால் முந்தானையை இடுப்பில் செருகிவிட்டு, அதன்மேல் ஜாக்கெட். துப்பட்டாவைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிடுங்கள். தண்ணீரில் கழுத்தையும் பட்டையையும் சேர்த்துச் சுற்றிக்கொள்ளும். பட்டை எட்டவில்லை என்றால் கூச்சப்பட்டுக்கொண்டு சும்மா மாட்டிக்கொண்டு உட்காராதீர்கள், பெரிய அளவு கேளுங்கள். பக்கிள் போடாமல் தோளில் தொங்கும் ஜாக்கெட், நீங்கள் தண்ணீரில் விழுந்ததும் மேலே மிதக்கும். நீங்கள் கீழே இருப்பீர்கள்.

இதன் மறைசெலவு நாற்றம். முந்தைய பயணியின் வேர்வையோடு கைக்கு வரும் அதைப் பலர் கழற்றுவதற்கு உண்மையான காரணம் அதுதான். கழுத்தில் ஒரு மெல்லிய பருத்தித் துண்டைப் போட்டு, நுனிகளை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டால் சகிக்கலாம். இன்னொரு பெரிய குறை, குழந்தைக்கு ஏற்ற அளவு பல துறைகளில் கிடைப்பதில்லை.

## 2. கயாக் ஓட்டுபவர்கள் போடும் 50 நியூட்டன் வெஸ்ட்

கை இல்லாத குட்டை மேல்சட்டை போல இருக்கும். தோள் அகலமாக வெட்டப்பட்டிருப்பதால் துடுப்பு போட வசதி. கழுத்தில் காலர் கிடையாது.

ஐந்து கேள்வியில் கடைசிக்கு இதைவிட நல்ல பதில் இல்லை. நான் காலை ஆறிலிருந்து பத்து வரை போட்டிருப்பேன், போட்டிருப்பதே மறந்துபோகும். பாறையில் மோதினால் விலாவுக்கு மெத்தையாகவும் இருக்கும். ஆனால் மயங்கியவரின் முகத்தை இது திருப்பாது. "நீச்சல் தெரிந்தவர், சுயநினைவோடு இருப்பவர், உதவி பக்கத்தில் இருக்கிறது" என்ற மூன்றும் சேர்ந்த ஆளுக்கானது. நீச்சல் தெரியாத மாமனாருக்கு இதை வாங்கித் தராதீர்கள்.

அளவில் ஏமாறக் கூடாது. சட்டை வாங்குவது போல ஒரு அளவு பெரிதாக எடுப்பது நம் வழக்கம். இங்கே அது தவறு. உடம்பைப் பிடித்தாற்போல் இருக்க வேண்டும், மூச்சு மட்டும் தடைபடக் கூடாது. உப்புத் தண்ணீரில் போனால் ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலில் போட்டால் நாலு வருடம் வர வேண்டியது இரண்டிலேயே நைந்துவிடும்.

## 3. காலர் வைத்த 100 அல்லது 150 நியூட்டன் ஃபோம் ஜாக்கெட்

பார்க்க அழகில்லை. மார்பு முட்டிக்கொண்டு நிற்கும், குனிந்தால் தாடையில் இடிக்கும், வேர்த்துக் கொட்டும். ஆனால் நீச்சல் தெரியாதவருக்கும் முதியவருக்கும் வலிப்பு, இதய நோய் உள்ளவருக்கும் நான் கைகாட்டுவது இதைத்தான். விழுந்த நொடியில், யாரும் எதையும் இழுக்காமல், தூக்கி நிறுத்தும். 100 அமைதியான நீருக்கு. மயங்கியவரைப் புரட்டும் திறன் 150க்கு இன்னும் உறுதியாக உண்டு. அதிலும் தடித்த உடை போட்டிருந்தால் கொஞ்சம் குறையும்.

சோலாஸ் (SOLAS) என்ற, கப்பல் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்த விதிப்படி செய்தவை இந்த வகையில் உச்சம். 24 மணி நேரம் நல்ல தண்ணீரில் மூழ்கிக் கிடந்த பிறகும் மிதக்கும் விசையில் 5 விழுக்காட்டுக்கு மேல் குறையக் கூடாது என்பது அந்த விதி. விசிலும் ஒளியைத் திருப்பிக் காட்டும் பட்டையும் கூடவே வரும். கடைகளில் இதே ஆரஞ்சு நிறத்தில், பார்சல் பொதியும் நுரையை வைத்துத் தைத்த மலிவுச் சரக்கும் தொங்குகிறது. உள்பக்கத் துணியில் எத்தனை நியூட்டன், எத்தனை கிலோ ஆளுக்கு, எந்தத் தரச் சான்று என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். வெற்றுத் துணியாக இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

மறைசெலவு, இடம். நாலு பேருக்கு நாலு வாங்கினால் காரின் டிக்கியில் பாதி போய்விடும். வருடத்தில் ஒரு தடவை படகேறும் குடும்பம் பெரியவர்கள் எல்லோருக்கும் இதை வாங்க வேண்டியதில்லை.

## 4. காற்றடைத்துக்கொள்ளும் ஜாக்கெட்

கயாக் தம்பி ஆசைப்படுவது இதைத்தான். கழுத்திலிருந்து இரண்டு பட்டை தொங்குவது போல மெலிதாக இருக்கும். உள்ளே மடித்த காற்றுப் பை, ஒரு சிறு கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர். பெரியவர்களுக்கான 150 நியூட்டன் ஜாக்கெட்டில் வழக்கமாக 33 கிராம் வாயு இருக்கும். கயிற்றை இழுத்தால், அல்லது தானியங்கி வகையானால் தண்ணீர் பட்டதும், சில நொடிகளில் உப்பிக்கொள்ளும். உப்பிய பிறகு முகத்தைத் திருப்புவதில் பல ஃபோம் ஜாக்கெட்டுகளை மிஞ்சும். வெக்கையில் நாள் முழுக்கப் போட்டிருக்கலாம். பாய்மரப் படகிலும், கடலில் விசைப்படகு வைத்து மீன்பிடிப்பவர்களுக்கும் அருமையான பொருள்.

மறைசெலவு அதிகம் உள்ளதும் இதுதான். ஒரு முறை உப்பினால் சிலிண்டரையும் தூண்டும் பாகத்தையும் மாற்ற வேண்டும். நம் ஊரில் அவை எல்லாக் கடையிலும் கிடைக்காது, ஜாக்கெட் வாங்கும்போதே ஒரு செட் சேர்த்து வாங்கிவிடுங்கள். சில தானியங்கிகளில் ஈரம் பட்டால் கரையும் ஒரு வில்லைதான் விசையை விடுவிக்கிறது. மழைக்கால ஈரக்காற்றில் அலமாரிக்குள்ளேயே "புஸ்" என்று உப்பி நின்றதை நான் பார்த்திருக்கிறேன். நீரழுத்தத்தில் இயங்கும் வகைக்கு அந்தத் தொல்லை குறைவு, விலை கூடுதல்.

வருடத்துக்கு ஒரு முறையாவது வாயால் ஊதி, ஒரு ராத்திரி வைத்து, காலையில் தளர்ந்திருக்கிறதா பார்க்க வேண்டும். சிலிண்டரைக் கழற்றி, சமையலறைத் தராசில் நிறுத்து, அதன்மேல் பொறித்திருக்கும் குறைந்தபட்ச எடையோடு ஒப்பிட வேண்டும். என்னுடைய பழைய ஜாக்கெட் ஒன்றில் வெளியே எந்த அடையாளமும் இல்லாமல் சிலிண்டர் காலியாகியிருந்தது. தராசு சொல்லித்தான் தெரிந்தது. எத்தனை மாதம் அதை நம்பிப் போட்டுக்கொண்டு கடலில் இருந்தேனோ தெரியாது. அன்றிலிருந்து ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு நிறுத்துவிடுகிறேன்.

விமானத்தில் கொண்டுபோவதானால் நிறுவனத்திடம் முன்கூட்டியே ஒப்புதல் வாங்க வேண்டும். வாயு சிலிண்டர் என்பதால் பாதுகாப்புச் சோதனையில் கேள்வி வரும்.

யாருக்கு வேண்டாம்? பதினாறு வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கூடாது. கனடாவில் விதியே அப்படித்தான். ஜெட் ஸ்கி ஓட்டுபவருக்குக் கூடாது. அடிக்கடி நனையும் கயாக்கில் தானியங்கி உதவாது. கையால் இழுக்கும் வகையோ மயங்கியவருக்கு உதவாது. எப்போதும் உடைக்கு மேலேதான் போட வேண்டும். மேலே ஒரு ரெயின்கோட்டை மாட்டினால், உப்பும் பை உங்கள் நெஞ்சையே நெரிக்கும்.

## குழந்தைக்கு மட்டும் பேச்சே வேறு

பெரியவர்களுக்கு நான்கில் எது என்று விவாதிக்கலாம். குழந்தைக்கு ஒன்றே ஒன்று: அதன் எடைக்கு ஏற்ற, காலர் வைத்த, நுரை ஜாக்கெட். சோலாஸ் அளவில் 15 கிலோவுக்குக் கீழே கைக்குழந்தை அளவு, 15 முதல் 43 கிலோ வரை சிறுவர் அளவு, அதற்கு மேல் பெரியவர் அளவு. வயதைச் சொல்லி வாங்காதீர்கள், குழந்தையை நிறுத்துப் பார்த்து வாங்குங்கள்.

கவனிக்க வேண்டியவை இரண்டு. கால்களுக்கு நடுவே வந்து முன்னால் பூட்டும் பட்டை. இது இல்லையென்றால் குழந்தை கைகளைத் தூக்கியதும் ஜாக்கெட் மேலே உருவிக்கொண்டு வந்துவிடும். காலருக்குப் பின்னால் ஒரு கைப்பிடி. அதைப் பிடித்துத்தான் தண்ணீரிலிருந்து தூக்குவார்கள். வீட்டிலேயே மெத்தைமேல் நிறுத்தி, அந்தக் கைப்பிடியைப் பிடித்து மெல்லத் தூக்கிப் பாருங்கள். தாடை உள்ளே மறையக் கூடாது.

பெரியவர் ஜாக்கெட்டைக் குழந்தைக்கு இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டுவது, மடியில் வைத்து ஒரே ஜாக்கெட்டுக்குள் இருவரும் புகுந்துகொள்வது, துப்பட்டாவால் அம்மாவோடு சேர்த்துக் கட்டுவது எல்லாமே ஆபத்து. கழுத்து நிற்காத குழந்தையைப் படகில் ஏற்றவே வேண்டாம். கையில் மாட்டும் காற்று உருளைகளும் வாத்து டியூபும் பொம்மைகள்; அவற்றை இந்தப் பட்டியலில் சேர்க்க முடியாது.

இதையெல்லாம் பார்த்தால், பணம் ஒரே ஒரு ஜாக்கெட்டுக்குத்தான் இருக்கிறது என்று யாராவது சொன்னால், குழந்தைக்கு வாங்குங்கள் என்பேன். படகுத்துறையில் கிடைக்காமல் போகும் அளவு அதுதான்.

## ஒரே பார்வையில்

| | படகுத்துறை ஜாக்கெட் | 50 நியூட்டன் வெஸ்ட் | காலர் வைத்த 100/150 | காற்றடைப்பது |
|---|---|---|---|---|
| மயங்கினால் முகம் மேலே வருமா | காலர் இருந்தால் வாய்ப்பு உண்டு | வராது | 150இல் பெரும்பாலும் வரும் | உப்பினால் வரும் |
| தானாக வேலை செய்யுமா | செய்யும் | செய்யும் | செய்யும் | வகையையும் பராமரிப்பையும் பொறுத்தது |
| பொருத்தம் | கிடைத்ததுதான் | மிக நன்று | அளவு பார்த்து வாங்கினால் நன்று | பெரியவருக்கு மட்டும் |
| வெக்கையில் போட்டிருக்க | சிரமம் | எளிது | கடினம் | மிக எளிது |
| மறைசெலவு | சோதிக்கும் நேரம், நாற்றம் | அலசி உலர்த்துவது | வைக்க இடம் | சிலிண்டர், ஆண்டுச் சோதனை, விமான ஒப்புதல் |
| யாருக்கு | எப்போதாவது போகும் பெரியவர் | நீந்தத் தெரிந்த துடுப்புக்காரர் | நீந்தத் தெரியாதவர், முதியவர் | அடிக்கடி கடலில் போகும் பெரியவர் |

## மூடிய தளத்தில் ஜாக்கெட் எதிரியாகும் இடம்

இதை யாரும் படகுத்துறையில் சொல்வதில்லை. கண்ணாடி அடைத்த கீழ்த்தளத்தில் உட்கார்ந்திருக்கும்போது படகு கவிழ்ந்தால், நுரை ஜாக்கெட் உங்களை மேலே தள்ளும். அப்போது மேலே இருப்பது தலைகீழான படகின் தரை. வாசலுக்குப் போக முதலில் கீழே முங்க வேண்டும், ஜாக்கெட் விடாது. விமானத்தில் "வெளியே போகும்வரை ஊதாதீர்கள்" என்று சொல்வதும் இதற்காகத்தான். 1996 நவம்பரில் கொமொரோ தீவுகளுக்கு அருகே கடலில் விழுந்த எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் விமானத்தில், உள்ளேயே ஜாக்கெட்டை ஊதிக்கொண்ட பலர், தண்ணீர் ஏறிய கேபினின் கூரையோடு ஒட்டிக்கொண்டு வெளியேற முடியாமல் இறந்தார்கள். அமெரிக்காவில் ஓடும் படகில் 13 வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஜாக்கெட் போட்டே ஆக வேண்டும் என்ற கூட்டரசு விதியிலும், கீழ்த்தளத்திலோ மூடிய அறைக்குள்ளோ இருக்கும்போது விலக்கு தந்திருக்கிறார்கள்.

அதற்காக ஜாக்கெட்டைக் கழற்றுவது விடையல்ல. திறந்த தளத்தில், வெளியே இறங்கும் வழிக்குப் பக்கத்தில் உட்காருங்கள், ஜாக்கெட்டோடு. அங்கே இடமில்லை, உள்ளேதான் உட்கார வேண்டும், அதுவும் நிற்க இடமில்லாமல் ஆள் ஏற்றுகிறார்கள் என்றால், டிக்கெட் காசு போனாலும் அடுத்த படகில் போங்கள்.

இன்னொன்று, ஏறும் முன்பே ஜாக்கெட்டைப் போடுங்கள், இறங்கிக் கரையில் நின்ற பிறகு கழற்றுங்கள். துறைக்கும் படகுக்கும் இடையில் கால் வழுக்கி விழுபவர்கள் நிறைய. அந்த இடுக்கில் விழுந்து காயம்பட்டவரைக் கைதூக்கி எடுப்பது சாதாரண வேலை இல்லை.

## மூன்று பேருக்கும்

கயாக் தம்பிக்கு: 50 நியூட்டன் வெஸ்ட் வாங்கு. ஒரு விசிலைத் தோள்பட்டையில் கட்டிக்கொள். தனியாகப் போகாதே. காற்றடைப்பதற்கு வைத்திருக்கும் பணத்தில் மிச்சத்தைத் துடுப்புக்குச் செலவு செய்.

டொரன்டோ தோழிக்கு: படகில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் பொருந்தும் ஜாக்கெட் வைத்திருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம், போட்டிருப்பது பெரியவரின் விருப்பம். சண்டை அந்த இடைவெளியில்தான் வந்திருக்கும். மே மாதம் வெயில் அடித்தாலும் ஒன்டாரியோ ஏரிகளின் தண்ணீர் பனிக்காலத்துக் குளிரில்தான் இருக்கும். விழுந்த முதல் நிமிடத்தில் தன்னையறியாமல் வாய் திறந்து மூச்சை இழுக்கும். தலை அப்போது உள்ளே இருந்தால் தண்ணீரைத்தான் இழுப்பார். பத்து நிமிடத்துக்குள் விரல் மரத்துப்போய்க் கயிறுகூடப் பிடிபடாது. ஆகவே அவருக்கு ஃபோம், காலர் வைத்தது. படகில் ஏறும்போதே போட்டுக்கொள்ளச் சொல். குளிருக்கு அதுவே இன்னொரு ஸ்வெட்டர் மாதிரி இருக்கும் என்று சொல்லிப் பார், ஒருவேளை அது எடுபடும்.

மதுரை அம்மாவுக்கு: பாப்பாவுக்குச் சொந்த ஜாக்கெட் வாங்கிவிடுங்கள். மாமனாருக்குப் படகில் இருப்பதில் காலர் வைத்த ஒன்று தேறினால் போதும். படகு கிளம்பும் முன் எல்லா ஜாக்கெட்டையும் முன்தளத்தில் எடுத்துப் போடச் சொல்லி எண்ணுங்கள், அழுத்திப் பாருங்கள். ஹவுஸ்போட்டில் எனக்குப் பயம் ஓடும் நேரத்தைவிட, கரையோரம் கட்டிப்போட்ட சாயங்கால நேரத்தைப் பற்றித்தான். கரிமீன் பொரியும் வாசனையில் பெரியவர்கள் மேசையைச் சுற்றி இருப்பார்கள், தளத்தின் ஓரத்தில் தடுப்பு தாழ்வாக இருக்கும், குழந்தை வாத்தைப் பார்க்க எட்டும். தண்ணீரில் குழந்தை விழுந்தால் பெரும்பாலும் சத்தமே வராது. படுக்கையறைக்கு வெளியே கால் வைத்தால் ஜாக்கெட் என்று பாப்பாவுக்கு ஒரே விதி. அந்த நேரத்தில் அவளைப் பார்த்துக்கொள்வது இன்னார் பொறுப்பு என்று பெயர் சொல்லி ஒருவரிடம் ஒப்படையுங்கள்.

ஊருக்குக் கிளம்ப இரண்டு வாரத்துக்கு முன்பே ஜாக்கெட்டை வாங்கி வீட்டில் போட்டுப் பழக்குங்கள். டிவி பார்க்கும்போது, சோஃபாவில் குதிக்கும்போது. விசிலை அவளையே ஊதவிடுங்கள், காது வலித்தாலும். துறையில் நின்று முதன்முதலாக மாட்டினால்தான் குழந்தைகள் அழுது பிய்த்துப் போடுவார்கள்.